பால்மரம் இலை கொட்டும் பருவத்தில் பிள்ளைகளோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் மிச்சமிருக்கும் பால்மர (ரப்பர் மர) காடுகள் செம்பு நிறத்துக்கு மாறும். இலை பொறுக்கவும், அதை வைத்துக் கைவேலை செய்யவும், வார இறுதியில் எங்காவது போய்வரவும் பல குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் ஆண்டுதோறும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். தொப்பி, தண்ணீர் போத்தல், மாற்றுத்துணி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எந்த அம்மாவுக்கும் தெரியும்.

அக்டோபரில் சிவப்பு இலை தேடுவது

யூடியூபில் வரும் இலையுதிர்கால வேலைப்பாடுகள் அக்டோபரை ஒட்டித்தான் வெளிவருகின்றன. அது குளிர்நாடுகளின் கணக்கு. அங்கே பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலை நிறம் மாறுகிறது. நம் பால்மரத்துக்குக் குளிர் ஏது? மழை குறைந்து வெயில் காயும்போதுதான் அது இலையைக் கொட்டும். பேராக்கில் பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள். அக்டோபரில் தோட்டத்துக்குப் போனால் தலைக்கு மேல் கரும்பச்சை, காலடியில் கொட்டை, மதியத்துக்கு மேல் இடி மழை.

பள்ளியில் கேட்டுவிட்டார்கள், அக்டோபரிலேயே வேண்டும் என்றால் திடலோரம் நிற்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தைப் பாருங்கள். அதன் முதிர்ந்த இலை எந்த மாதத்திலும் ஒன்றிரண்டு சிவந்து விழும். கையகலத்துக்கு மேல் பெரியது, தடிப்பானது. சின்னப் பிள்ளைகள் பின்பக்கத்தில் சாயம் பூசித் தாளில் அச்செடுக்க இதைவிடத் தோதான இலை இல்லை.

பால்மரத்தின் சிவப்பு அதிக நாள் நிற்காது. ஒரே ரகம் நட்ட நிரைகள் இரண்டு மூன்று வாரத்தில் மொட்டையாகி, உடனே செம்பழுப்புத் தளிர் விட்டுவிடும். தளிரும் பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பறித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. துவண்டு தொங்கும் அந்த இலை வீடு வருவதற்குள் சுருண்டுவிடும்.

சிவப்பு இலையும் பால்வெட்டும் ஒரே நாளில்

நடக்காது. இலை கொட்டும் வாரங்களில் பால் வற்றும். பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். வெட்டு நடக்கிற மாதங்களிலும் காலை ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் போனால் பிள்ளைகள் பார்ப்பது காய்ந்த வெட்டுக்கோடும் பால் பிடிக்கும் காலி மங்கும்தான். விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்கத் தொடங்கும், அழுத்தம் குறையும், ஓட்டம் நிற்கும். முந்திய இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலும் அன்று வெட்டு இல்லை. இலைக்கு ஒரு முறை, பாலுக்கு ஜூன் ஜூலை வாக்கில் மழையில்லாத விடியலில் ஒரு முறை என்று பிரித்துப் போங்கள். இரண்டுக்கும் முதல் நாளே தோட்ட ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டுவிட வேண்டும். வாசலில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கெஞ்சுவது முறையல்ல.

வாளியில் இலையை ஊறப்போட்டு மறப்பது

மற்றத் தவறுகளில் நேரம்தான் போகும். இதில் காசும் போகும், உடம்பும் போகும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

இலையின் சதை போய் நரம்பு மட்டும் வலை வலையாக நிற்கும் சல்லடை இலைக்குப் பால்மர இலை பேர்போனது. அதற்குப் பழைய வழி, இலையைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் அழுகவிடுவது. சதை தானாக இளகும், தேய்த்தால் கழன்றுவிடும். வழியில் குற்றம் இல்லை. வாளியை வீட்டுப் பின்புறம் திறந்துவைப்பதில்தான் குற்றம்.

ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். இலை அழுக மூன்று வாரம். அதாவது ஒரு தடவை ஊறப்போட்டால் இரண்டு தலைமுறைக் கொசு வளர்க்கலாம். வெறும் தண்ணீரைவிட இலை ஊறிய தண்ணீரின் வாடை முட்டையிட வரும் கொசுவை இன்னும் இழுக்கும். வாளியில் மிதக்கும் இலைகளை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடும். மேலே இலை மூடியிருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது.

ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு குடும்பம் கெட்டிக்காரத்தனமாகத் தண்ணீரை மட்டும் வாராவாரம் மாற்றியது. ஆனாலும் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தபோது புழு இருந்தது. காரணம் எளிது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளியின் சுவரில் ஒட்டிவைக்கும். பழைய தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். புதுத் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். காய்ந்த வாளியில்கூட அந்த முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆகவே இந்த ஆண்டு வாளியைக் கவிழ்த்துவைத்து அடுத்த ஆண்டு எடுத்தாலும் முதலில் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டு வளாகத்தில் புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை உடனடி அபராதம் எழுதலாம். "பிள்ளைகளோட ஆர்ட் வேலைங்க" என்பதற்கெல்லாம் சலுகை கிடையாது. அபராதத்தைக் கட்டிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கி வந்தால் எதைக் கட்டுவது?

கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் மருந்தைப் போட்டால் போதும் என்பார்கள். 10 லிட்டருக்கு 1 கிராம் என்பது சரியான அளவுதான். ஆனால் நாற்றம் தாங்காமல் மூன்றாம் நாள் தண்ணீரை மாற்றும்போது மருந்தும் சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது. புதுத் தண்ணீரில் மறுபடி போட யாருக்கும் நினைவிருப்பதில்லை.

ஊறவைக்கத்தான் வேண்டும் என்றால் திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் ஜாடியில் வையுங்கள். பிஸ்கட் ஜாடி நல்லது. ஒரு ஜாடிக்கு இருபது இலைக்கு மேல் வேண்டாம், இலை முழுக்க மூழ்கட்டும், மூடியை இறுக்கித் திருகி நிழலில் வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை வெளியில் வைத்துத் திறந்து, நாற்றக் காற்றை விட்டு, உடனே மூடுங்கள். துணி போட்டு மூடுவது, பலகை வைத்து மூடுவது, தட்டைக் கவிழ்ப்பது எதுவும் செல்லாது. எட்டிப்பார்க்கிற பிள்ளை அதை ஒரு நாளாவது திரும்ப மூடாமல் விட்டுவிடும்.

உள்ளதைச் சொன்னால், இந்த ஊறல் முறையே நம் ஊருக்கு வேண்டாம். சோடா போட்டு அவித்தால் ஒரே மதியத்தில் வேலை முடியும்.

எந்தச் சோடா

கடையில் மூன்று சோடா உண்டு. ஆப்பச் சோடாவில் இரண்டு மணி நேரம் அவித்தாலும் இலை அப்படியே இருக்கும், அதன் காரம் போதாது. அதில் அலுத்துப்போய் ஹார்ட்வேர் கடையில் காஸ்டிக் சோடா வாங்கிவருகிறார்கள். அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாக்கெட்டே இருக்கக்கூடாது. வேண்டியது சலவைச் சோடா. அது கிடைக்காத ஊரில் ஆப்பச் சோடாவைத் தட்டில் மெலிதாகப் பரப்பி அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் சலவைச் சோடாவாக மாறிவிடும்.

அளவு, 1 லிட்டர் தண்ணீருக்கு 4 மேசைக்கரண்டி. எவர்சில்வர் சட்டி அல்லது எனாமல் சட்டிதான். அலுமினியச் சட்டி வைத்தால் சோடா அதை அரிக்கும், நுரைத்துக்கொண்டு கறுத்துப்போகும். பாட்டியின் பழைய குழம்புச் சட்டியை இதற்கு எடுத்துக் கெடுத்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

பழுத்து உதிர்ந்த இலை இந்த வேலைக்கு ஆகாது. மடிந்த இடமெல்லாம் விரிசல் விட்டிருக்கும், பிரஷ் பட்டதும் பிய்யும். சிவக்கத் தொடங்குவதற்கு முன், டிசம்பர் ஜனவரியில், முதிர்ந்த பச்சை இலையாக எடுங்கள். வட்ட வட்டப் புள்ளி விழுந்த இலை வேண்டாம், புள்ளி இருந்த இடம் ஓட்டையாகிவிடும். காம்பு முறிந்த இடத்தில் பால் வடியும், சட்டையில் பட்டால் காய்ந்தபின் போகாது. அரை மணி நேரம் நாளிதழ்மேல் போட்டுப் பால் வடிந்தபின் சட்டியில் இடுங்கள்.

சிறு தீயில் ஒன்றரை மணி நேரம், வற்றினால் சுடுதண்ணீர் ஊற்றி. கொதித்துத் தளும்பினால் இலை ஒன்றோடொன்று மோதிக் கிழியும். விரலால் நசுக்கினால் சதை வழுக்கும் பதம் வந்ததும் எடுத்து மூன்று தண்ணீரில் அலச வேண்டும். இதுவரை பெரியவர்கள் வேலை, கையுறையோடு. பிள்ளைகள் முறை இதற்குப் பிறகு. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர், இலையின் அடிப்பக்கம் மேலே, மென்மையான பழைய பல்பிரஷ். இழுத்துத் தேய்த்தால் நரம்பு அறும். நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கிக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். பச்சைச் சதை சேறுபோல் கழன்று தட்டில் படியும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். வராத இடத்தில் வம்பு பண்ணாமல் இன்னும் இருபது நிமிடம் அவியுங்கள்.

வெளுக்க, குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, அதிகம் போனால் இருபது நிமிடம். மேலே போனால் நரம்பு நொறுங்கும். அதோடு வினிகரோ வேறு அமிலமோ சேரவே கூடாது, விஷவாயு வரும். பால் உறையவைக்கும் அமிலப் போத்தல் இன்னும் பின்கட்டில் இருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும். சாயத்துக்குச் சமையல் கலர் போதும். பாதி காய்ந்ததும் டிஷ்யூ தாள் நடுவே புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். முழுக்கக் காயவிட்டால் சுருண்டுபோகும், பிறகு நிமிர்த்தினால் உடையும்.

ஈர இலையை லேமினேட் செய்வது

ஒரு வாரத்தில் உள்ளே பூஞ்சணம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் புத்தகத்துக்குள் வைத்த இலை லேசில் காயாது. நாளிதழை தினமும் மாற்றி ஐந்து நாள் வையுங்கள். அவசரமென்றால் இரண்டு தாள் நடுவே நீராவி இல்லாத இஸ்திரியால் பக்கத்துக்குப் பதினைந்து விநாடி அழுத்துங்கள். இலையின் சிவப்பு வெயிலில் வெளுக்கும், சன்னலில் தொங்கவிடாதீர்கள்.

பால் மங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது

சாயம் கலக்கத் தோதாக இருக்கும் என்று. வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கினால், வாளியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இந்த மங்குக்கும் பொருந்தும். அதோடு அது தோட்டத்துச் சொத்து.

ரப்பர் கொட்டை

பிப்ரவரியில் கிடைக்காது. ஆகஸ்ட் செப்டம்பரில் வெடித்து விழும்போது பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு, வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சிமெண்டில் தேய்த்துச் சுடவைத்துத் தம்பி கையில் வைப்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைக்குள் நிழலுக்கு ஒதுங்குவது

எலிக்காகப் பாம்பு, தலைக்கு மேல் கிலோக்கணக்கில் குலை, மருந்தடித்த புல். வண்டியிலேயே சாப்பிடுங்கள்.

கோலகங்சார்: ஒரு மரத்துக்கு ஒரு நாள்

1877-இல் நட்டதாகச் சொல்லப்படும் பால்மரம் கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். தாத்தா பாட்டி வெட்டிய மரங்களின் முன்னோடி இது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அது பத்து நிமிடக் காட்சி. ஒரு மரம், ஒரு அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். அதை மட்டும் நம்பிப் போனால் பதினோராவது நிமிடம் பின்சீட்டில் சண்டை தொடங்கும்.

மரத்தைப் பார்த்த கையோடு பேராக் ஆற்றைக் கடந்து சாயோங் போங்கள். கறுப்புச் சுரைக்குடம் போன்ற லாபு சாயோங் செய்யும் பட்டறைகள் கம்போங் கெப்பாலா பெண்டாங்கில் இருக்கின்றன. சுட்ட குடத்தைச் சூட்டோடு உமிக்குள் போடுவதால் வரும் கறுப்பு அது, சாயம் அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், அப்போது போகாதீர்கள். பிள்ளைகள் கை வைத்துச் செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நடக்கும் தவறு, பிள்ளை பிடித்த ஈர மண்குடத்தை அன்றே வீட்டுக்கு எடுத்துப்போக அடம்பிடிப்பது. சுடாத மண் வண்டிக் குலுக்கலில் வாய் பிளக்கும். பட்டறையில் உடனே சுடச் சொல்லியும் பயனில்லை. உள்ளே இருக்கும் ஈரம் சூளையில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பானையை வெடிக்கவைக்கும், பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து போகும். சுவர் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் செய்யச் சொல்லுங்கள், அடியில் பெயர் கீறுங்கள், காய்ந்து சுட்டபின் வாங்கிக்கொள்ள இன்னொரு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அன்று கையில் ஏதாவது வேண்டுமென்று அழுகிற பிள்ளைக்குக் கடையிலேயே சின்ன லாபு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.