நீள முடி கினி பிக்: ஷாம்பு கேட்பவர்களுக்குக் கத்தரி

நீள முடி கினி பிக் (கினிப் பன்றி என்கிற சின்னக் கொறிக்கும் பிராணி) புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஷாம்பு போடலாம்?" என்பதுதான். எந்தக் கத்தரி வாங்கலாம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் ஷாம்புவில் ஆரம்பித்தவன்தான், அதனால் யாரையும் திட்ட வாய் வருவதில்லை. ஆனால் அதே கூத்து அதே வரிசையில் வீட்டுக்கு வீடு நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. தண்ணீர் மாற்றுங்கள், கூண்டைக் கழுவுங்கள், பூனை பக்கத்தில் விடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. கீழே வரும் தலைப்புகள் எல்லாம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள். அப்புறம், இது சென்னைப் புழுக்கத்தில் வளர்ப்பவன் எழுதுவது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என்ன வகை என்று தெரியாமலே சீப்பை எடுப்பது

கடையில் எல்லாமே "லாங் ஹேர்"தான். பெருவியன் என்றால் முதுகு நடுவில் வகிடு, முடி முன்பக்கம் விழுந்து முகத்தையே மூடும். எது தலை எது பின்பக்கம் என்று விருந்தாளிகள் குழம்புவார்கள். ஷெல்டிக்கு முடி பின்னோக்கிப் படிந்திருக்கும், முகம் பளிச்சென்று தெரியும். ஷெல்டியின் நெற்றியில் ஒரு சுழி இருந்தால் கொரனெட், முடி சுருட்டையாக இருந்தால் டெக்ஸெல். பெருவியனுக்குக் கண்மேல் விழும் முடியைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஷெல்டிக்கு அந்த வேலையே இல்லை. டெக்ஸெலின் சுருட்டையைத் தினமும் வரட்டு வரட்டென்று வாரினால் பஞ்சாகப் பிரிந்து இன்னும் அதிகமாகச் சிக்கும். விரலால் கோதிச் சிக்கைப் பிரித்துவிட்டு, மிஞ்சியதற்கு மட்டும் அகலப் பல் சீப்பு போதும். உடம்பெல்லாம் சுழி சுழியாக, முடி கட்டையாக நிற்கிறதா? அது அபிசினியன். நீள முடி வகையே இல்லை, நிம்மதியாக இருங்கள்.

வெட்ட மனம் வராதது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

இந்த வகைகளுக்கு முடி மாதம் சுமார் 2.5 செ.மீ. வளரும். குட்டை முடி வகைகளில் ஒரு அளவோடு நின்றுவிடும், இவற்றில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கால்களோ குட்டை, வயிறு கிட்டத்தட்டத் தரையில் உரசும். வால் கிடையாது, ஆகவே தூக்கிப் பிடிக்கவும் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கத்தரி படாமல் விட்டால் பின்பக்க முடி துடைப்பமாகிவிடும்: புழுக்கை, மூத்திரம், புல் துணுக்கு, மரத்தூள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே நடக்கும். மூத்திரத்தில் ஊறிய முடி தோலோடு ஒட்டிக் கிடந்தால் தோல் சிவந்து வெந்துபோகும். அதுதான் நாற்றம். நாற்றத்துக்கு ஷாம்பு. ஷாம்புவுக்குப் பிறகு காயாத ஈரம். ஈரத்துக்கு ஈ.

இத்தனையும் தெரிந்த பிறகும் "வெட்டினா அழகே போயிடுமே" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது தரை வரைக்கும் பட்டுப்பட்டாக முடி விழும் கண்காட்சிப் படங்கள். அந்தப் படங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காகிதத்தில் மடித்து ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்திருப்பார்கள். தினமும் அவிழ்த்து, வாரி, மறுபடி சுருட்ட வேண்டும். இன்னொரு கினி பிக் முடியைக் கடித்துவிடாமல் தனிக்கூண்டு வேறு. கண்காட்சிக் காலம் முடிந்ததும் அவர்களே முடியை ஒட்ட வெட்டிவிட்டு கினி பிக்கைச் சாதாரணமாக வாழ விடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஜோடியோடு முட்டி மோதி, புல்லுக்குள் புகுந்து, கூண்டில் விரிக்கும் ஃப்ளீஸ் துணிமேல் படுத்து எழும் பிராணிக்கு அந்த முடி எதற்கு?

தெரிந்த ஒருவர் பஞ்சு என்று ஒரு பெருவியன் வளர்த்தார். வெட்டச் சொன்னேன், சிரித்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, நாற்றம் ஏறியது, கடைக்காரர் சொன்னாராம் என்று வாராவாரம் குளிப்பாட்ட ஆரம்பித்தார். மேல்முடியைத் துண்டால் துடைத்துவிட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். அடிவயிற்றிலும் பின்னங்கால் இடுக்கிலும் ஈரம் அப்படியே இருந்தது, வெயிலைப் பார்க்காத நாட்கள் வேறு. ஒரு சாயங்காலம் பஞ்சு மூலையில் குறுகி உட்கார்ந்து, கொத்தமல்லியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்குப் பயந்திருக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் புழு. அழுக்கு முடியில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழு தோலைத் தின்னத் தொடங்கிவிடும், அவ்வளவு வேகம் அது. கால்நடை மருத்துவர் முடியை மழித்து ஒவ்வொரு புழுவாக எடுத்தார். பஞ்சு பிழைத்தது, அதன் அதிர்ஷ்டம். செலவான தொகையில் இன்னும் சில கினி பிக்குகள் வாங்கியிருக்கலாம். கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து எனக்கு வந்த செய்தி: "முடி பழையபடி முழுசா வளர எத்தனை மாசம் ஆகும்?"

நான் பதில் போடவில்லை.

சரி, எப்படி வெட்டுவது. முனை மழுங்கிய சின்னக் கத்தரி எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு நகம் வெட்டுவது போதும். மடியில் துண்டு விரித்து உட்கார வைத்து, வாய்க்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி கொடுங்கள், முடிந்தால் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். முதலில் சிக்கு எடுத்து வாருங்கள். பிறகு முடியைக் கொத்தாக இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, விரலுக்கு வெளிப்பக்கமாக மட்டும் வெட்டுங்கள், அப்போது தோல் கத்தரிக்கு எட்டாது. பின்பக்க முடி தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. மேலே நின்றால் போதும். குதத்தைச் சுற்றியும் பின்னங்கால் உட்பக்கமும் இன்னும் குட்டையாக. அடிவயிற்றின் கீழ்ப்பகுதியில் இரண்டு முலைக்காம்பு இருக்கும், ஆணுக்கும் உண்டு. முடிக்குள் தெரியாது, விரலால் தடவி எங்கே என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்தப் பக்கம் கத்தரி போக வேண்டும். மல்லாக்கப் போட்டு அமுக்காதீர்கள், மிரண்டுவிடும். திமிறினால் விட்டுவிட்டு மிச்சத்தை நாளைக்கு வெட்டலாம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தால் அதற்கொன்றும் வெட்கமில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் ஷாம்புப் பேச்சே பெரும்பாலும் வராது.

முழுக்குளியல்

வெட்டிப் பராமரிக்கும் பிராணிக்கு வருஷத்தில் ஓரிரு தடவை போதும், அதுவும் தேவைப்பட்டால்தான். பின்பக்கம் மட்டும் அழுக்கானால் பேசினில் விரல் ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அந்த இடத்தை மட்டும் அலசுங்கள். அலசியபின் வேர் வரை உலர வேண்டும். டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, உங்கள் கை நடுவில் இருக்கும்படி காட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த முடிக்கடியில் படர்தாமரை வந்தால் அது பிராணியோடு நிற்காது, தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் வந்துவிடும். மனிதருக்கான ஷாம்பு, சோப்பு, கிருமிநாசினி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. தினமும் துடைத்தும் பின்பக்கம் எப்போதும் நனைந்தே இருந்தால் அது முடிப் பிரச்சினை இல்லை. மூத்திரப்பையில் கல்லோ தொற்றோ இருக்கலாம், மூத்திரத்தில் ரத்தம் தெரிகிறதா, போகும்போது கீச்சிடுகிறதா என்று கவனியுங்கள்.

வெயிலில் காயவைப்பது

செத்துவிடும். 27 டிகிரியைத் தாண்டினாலே இவற்றுக்குத் திணறல்தான்.

சடையைக் கத்தரியால் நறுக்குவது

முடி சடை பிடித்தால் தோலையும் சேர்த்து மேலே இழுத்துக்கொள்ளும். நீங்கள் முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும், கினி பிக் தோல் மெல்லியது. தோலுக்கும் சடைக்கும் நடுவில் சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். சீப்பு நுழையவில்லையா, கத்தரியைக் கீழே வையுங்கள். அது மருத்துவர் மெஷினால் எடுக்க வேண்டிய சடை.

பவுடர்

வாசனைக்குப் போடுகிறார்கள். மூச்சுக்குழாய்க்கு ஆகாது. போடாதீர்கள்.

முடி கொட்டினால் எண்ணெய் தடவுவது

தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது, ஆண்களுக்கு அங்கே பிசுபிசுவென்று மெழுகு மாதிரி படியும். எண்ணெய் தொட்டு வைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, துணியால் வழித்துவிடலாம். முடி கொட்டுவதற்கு எண்ணெய் மருந்தல்ல. தோல் தடித்து, வெறி பிடித்த மாதிரி சொறிந்தால் சொறிப்பூச்சி. முற்றினால் வலிப்புகூட வரும், ஊசியோ சொட்டு மருந்தோ மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும், நாய்க்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தைத் தொடாதீர்கள். வயதான பெண்ணுக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போனால் சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கங்கே கத்தரித்தது போல முடி குட்டையாக இருந்தால் பெரும்பாலும் கூட இருப்பதுதான் மென்று தின்கிறது. புல்லை அதிகமாகப் போடுங்கள். முடி மங்கிச் சொரசொரப்பானால் சாப்பாட்டைப் பாருங்கள். நம்மைப் போலவே இவற்றுக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது, எடையில் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மி.கி. வேண்டும். குடைமிளகாயும் கொய்யாத் துண்டும் செய்யும் வேலையை எந்த எண்ணெயும் செய்யாது. காதுக்குப் பின்னால் இருக்கும் வழுக்கை மட்டும் பிறவியிலேயே உள்ளது, அதற்காக ஓடாதீர்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்

வெட்டும்போது கீறல் பட்டுவிட்டது, சீழ் வைக்கிறது, குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் பாதி இருக்கிறது என்று இரண்டு சொட்டு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் எதுவும் கினி பிக்குக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து சில நாட்களில் உயிர் போய்விடும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போனாலும் இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "இது பென்சிலின் வகையா?" கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.