புது அணிக்குப் போகும் பயிற்றுநர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்திலிருந்து உதைபந்தாட்டப் பயிற்றுநராகக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஒருவர் கொழும்புக் கழகத்துக்குப் போகிறார், இன்னொருவர் மாலைதீவுக்கு, வேறொருவர் கட்டாரில் சிறுவர் அகாடமி ஒன்றுக்கு. கொழும்பில் படித்துவிட்டு நம் தோட்டத்து அணிகளுக்கே திரும்புபவர்களும் உண்டு. நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்துச் சறுக்கல்களே இவர்களிடமும் அப்படியே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. விசிலை மறப்பது, கூம்புகளைக் கோணலாக வைப்பது, பெயர்களை மாற்றிக் கூப்பிடுவது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்க்காமலேயே மாற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து அணி. மைதானம் ஒரு பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே கான், கானுக்கு அப்பால் தேயிலை. பந்தை ஓங்கி அடித்தால் செடிக்குள் போய்விடும், தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும். செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையாக இருந்தால் பந்தே கிழிந்துவிடும். அதனால் அங்கே வளர்ந்த பையன்கள் பந்தைக் காலை விட்டு விலக விடமாட்டார்கள். உள்ளங்காலால் நிறுத்துவார்கள், மெல்லத் தட்டிக்கொண்டே திரும்புவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குக் குறுகிய பாஸ் கொடுத்துவிட்டு உடனே இடம் மாறுவார்கள். இந்தப் பழக்கத்தை வேறு இடத்தில் உண்டாக்க வருடக்கணக்கில் பாடுபட வேண்டும்.

சான்றிதழ் வாங்கிய கையோடு ஒரு இளம் பயிற்றுநர் அங்கே பொறுப்பேற்றார். வந்த அன்றே கொப்பியை விரித்தார். பந்தைத் தொடுவதற்கு முன் தொழிற்சாலை வரை மேட்டு ரோட்டில் ஓட்டம். அப்புறம் நீண்ட பாஸ். "தூக்கி அடி, தூக்கி அடி" என்று ஒரே சத்தம். ஒரு பையன் கேட்டான்: "சேர், பந்து மலைக்குள்ள போனா யாரு சேர் எடுக்கிறது?" அதை எதிர்ப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார். அந்த அணி ஏன் அப்படி ஆடுகிறது என்பதற்கான விடை முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அணியில் பாதிப் பேர் காலையிலிருந்து மண்வெட்டி பிடித்தவர்கள், மருந்து டாங்கி சுமந்தவர்கள். மீதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு மேடு ஏறி இறங்கி வந்தவர்கள். அவர்களுக்கு மாலையில் மேட்டு ஓட்டம் எதற்கு? கொஞ்ச நாளில் முழங்கால் வலி தொடங்கியது. ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். மிஞ்சியவர்களிடம் பழைய குறுகிய பாஸும் இல்லை, புதிய நீண்ட பாஸும் வரவில்லை. அந்த அணியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இதோடு சேர்ந்த ஒரு நம்பிக்கையும் உண்டு: "மலைப் பையன்கள், மூச்சு பலம் அதிகம்." விளையாட்டு உடலியலில் உயரத்தின் பலனைத் தேடுபவர்கள் வழக்கமாக 2,000 மீட்டருக்கு மேலேதான் முகாம் போடுகிறார்கள். நுவரெலியாவே 1,868 மீட்டர்தான், ஹட்டன் அதைவிடத் தாழ்வு. உயரத்தால் கிடைப்பது சொற்பம். கொழும்பில் இறங்கியதும் வெயில் எடுத்துக்கொள்வதோ ஏராளம். இரவு பஸ்ஸில் வந்து மறுநாள் மத்தியானம் ஆடும் நம் அணிகள் இரண்டாம் பாதியில் துவண்டுபோவது அதனால்தான். வெக்கைக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். அவ்வளவு நாள் தங்கச் செலவுக்கு வழியில்லை என்றால், முந்தின நாளே இறங்குங்கள், தண்ணீருக்கும் உப்புக்கும் ஏற்பாடு செய்யுங்கள், ஆட்களை மாற்றி மாற்றி இறக்குங்கள்.

2001 தொடக்கத்தில் தென் கொரியாவுக்குப் போன டச்சுப் பயிற்றுநர் குஸ் ஹிடிங்கிடமும் இப்படித்தான் சொன்னார்கள். கொரியர்களுக்கு ஓட்டம் இருக்கிறது, நுட்பம்தான் போதாது என்றார்கள். அவர் பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொன்னார். நுட்பம் பரவாயில்லை, உலகக் கிண்ணத்தின் வேகத்துக்கு உடல் தகுதிதான் போதாது என்றார். வேலையை அங்கிருந்து தொடங்கினார். அவர் பார்க்காமலேயே ஊர் சொன்னதை நம்பியிருந்தால் 2002 அரையிறுதி வந்திருக்காது.

செர்பியரான போரா மிலுட்டினோவிச் 1986-இல் மெக்சிகோ, 1990-இல் கொஸ்டாரிக்கா, 1994-இல் அமெரிக்கா, 1998-இல் நைஜீரியா, 2002-இல் சீனா என்று அடுத்தடுத்த ஐந்து உலகக் கிண்ணங்களுக்கு ஐந்து நாடுகளை அழைத்துப் போனார். முதல் நான்கும் முதல் சுற்றைத் தாண்டின. மெக்சிகோவையும் நைஜீரியாவையும் ஒரே கொப்பியை வைத்துக்கொண்டு யாராலும் நடத்த முடியாது.

அதனால் முதல் இரண்டு வாரம் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். யார் யாருக்குப் பாஸ் கொடுக்கிறார்கள், பந்து போனதும் யார் முதலில் திரும்பி ஓடுகிறார், சரிவான பக்கத்தை யார் விரும்பி எடுக்கிறார் என்று பாருங்கள். காலணி யாருடையது, யார் இரவல் வாங்குகிறார் என்றும் பாருங்கள். மழையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையில் மைதானம் சேறு. அதே மாதங்களில் பதுளை காய்ந்து கிடக்கும், அங்கே மழை வருட முடிவில். ஹட்டன் அட்டவணையைப் பதுளைக்குத் தூக்கிப் போனவர்கள் டிசம்பரில் பயிற்சியே நடத்த முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

அண்ணன்மாரை மட்டும் கேட்பது

கொரிய அணியில் வயது வரிசை சாப்பாட்டு மேசை வரைக்கும் இருந்தது. ஹிடிங்க் எல்லோரையும் கலந்து உட்கார வைத்தார், மைதானத்தில் மூத்தவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். நம் அணிகளிலும் சும்மா நிற்கும் தம்பியைத் தாண்டிப் பந்து அண்ணனைத் தேடிப் போகும். அண்ணனிடம் பந்து பிந்திப் போனதற்குத் தம்பி மன்னிப்புக் கேட்பான். ஆனால் ஹிடிங்க் செய்ததை இங்கே எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். லயத்தில் பக்கத்து வீட்டு அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிரச்சினை வீடு வரை போகும். மூத்தவர்களைத் தனியே கூப்பிட்டு முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். பிறகு நான்குக்கு நான்கு என்று சின்ன ஆட்டம் வையுங்கள். அதில் தம்பிமார் பந்தைத் தொடாமல் தப்ப முடியாது.

முதல் தோல்வியில் திட்டத்தைக் கிழிப்பது

2001-இல் ஹிடிங்கின் கொரியா பிரான்ஸிடம் 5–0, செக் குடியரசிடம் 5–0. அவரை அனுப்பிவிட வேண்டும் என்று பேசினார்கள். அவர் பலமான அணிகளோடு மோதுவதை நிறுத்தவில்லை. அடுத்த வருடம் போர்த்துக்கல், இத்தாலி, ஸ்பெயின் மூன்றையும் அதே கொரியா தாண்டியது. பார்த்துப் போட்ட திட்டம் என்றால் அதற்கு ஒரு பருவமாவது கொடுங்கள்.

வாய்ப் பேச்சை நம்புவது

1994-இல் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த கார்லோஸ் அல்பர்ட்டோ பரெய்ராவை, 1998-இல் சவூதி அரேபியா இரண்டு ஆட்டம் தோற்றதும் போட்டி நடுவிலேயே நீக்கியது. அவருக்கே அந்த நிலை. சம்பளம், விமான டிக்கட், வைத்தியச் செலவு, இடையில் நிறுத்தினால் எத்தனை மாதக் காசு, எல்லாம் எழுத்தில் வேண்டும். கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மொழியை நம்புவது

தெரிந்த மொழியே போதும் என்று நம்பிப் போகாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை உதவிப் பயிற்றுநராகக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழைப் பாதியில் விடுவது

பயிற்றுநர் சான்றிதழில் 'சி' தரத்தோடு நிற்காதீர்கள், அதற்கு மேலுள்ள தரங்களையும் எடுங்கள்.

போகும்போது கொப்பியையும் கொண்டுபோவது

இந்தத் தொழிலில் ஒரு நாள் கிளம்பத்தான் வேண்டும். கிளம்பும்போது உங்கள் பயிற்சி முறைகளை எடுத்துப் போங்கள், பையன்களைப் பற்றிய குறிப்பை விட்டுப் போங்கள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு இழுப்பு, சனிக்கிழமை டவுன் கடையில் வேலை என்பதால் யாரால் வர முடியாது என்று பெயர் பெயராக எழுதுங்கள். தோட்டத்து விளையாட்டுக் கழகச் செயலாளரிடம் ஒரு பிரதி, அணித் தலைவரிடம் ஒரு பிரதி.