ராக்வெல் படம் கைக்கு வந்தால்: அசலையும் அச்சையும் பிரித்தறிவது எப்படி

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்தவற்றில் பெரும்பாலானவை அச்சுக்குப் போவதற்காகவே வரையப்பட்டவை. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் காயும்போது வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். மீதி 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' (சுருக்கமாக போஸ்ட்) என்ற அமெரிக்க வார இதழின் அச்சகத்தில் நடக்கும். அதனால் ஒரு படத்தைக் காட்டி "இது அசலா?" என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் வராது. முன்வரைவா, ஓவியமா, அந்த வாரத்து இதழா, போர்க்காலச் சுவரொட்டியா, 1970களில் கையெழுத்திட்டு விற்ற அச்சுப்பிரதியா, வெறும் நினைவுப் பொருளா என்று முதலில் தீர்மானியுங்கள். அசல், போலி என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். விலையும் இந்தத் தீர்மானத்தில்தான் தொங்குகிறது. 1951 நவம்பர் 24 இதழின் அட்டையில் வந்த 'சேயிங் கிரேஸ்' ஓவியம் 2013 டிசம்பரில் சோதபீஸ் ஏலத்தில் சுமார் 4.6 கோடி டாலருக்குப் போனது. அதே படம் அச்சான பழைய இதழை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் வாங்கிவிடலாம்.

தேதிகள்தான் முதல் சல்லடை

ராக்வெல் 1894 பிப்ரவரி 3 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பத்தொன்பது வயதிலேயே 'பாய்ஸ் லைஃப்' சிறுவர் இதழின் ஓவியப் பொறுப்பு அவரிடம் வந்தது. போஸ்ட் இதழில் முதல் அட்டைப்படம் 1916 மே 20 அன்று வெளியானது: குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பையன், அவனைக் கேலி செய்யும் நண்பர்கள். அதிலிருந்து 47 ஆண்டுகளில் 320-க்கும் மேற்பட்ட அட்டைகள். 1963-இல் போஸ்ட்டை விட்டு 'லுக்' இதழுக்குப் போனார். 1978 நவம்பர் 8 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜில் காலமானார்.

இந்தத் தேதிகளோடு இரண்டு செய்திகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1926 வரை போஸ்ட் அட்டைகள் சிவப்பும் கறுப்பும் கொண்ட இருவண்ண அச்சு. நான்கு வண்ண அட்டை அந்த ஆண்டில்தான் வந்தது. 1919 தேதியிட்ட போஸ்ட் அட்டை நீலமும் பச்சையுமாக மின்னினால் அது பிற்காலத்தில் வண்ணம் ஏற்றிய நகல். இரண்டாவது செய்தி தீ விபத்து. 1939-இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டனுக்குக் குடிபோன ராக்வெல்லின் ஓவியக்கூடம் 1943 மே மாதம் எரிந்துபோனது. ஓவியங்களோடு ஏராளமான வரைவுகளும், மாதிரியாக நிற்பவர்களுக்கான உடைகளும் சாம்பலாயின. 1930களைச் சேர்ந்த கரிக்கோட்டு வரைவுகள் ஒரு கட்டாக விற்பனைக்கு வந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். 1953-இல் ஸ்டாக்பிரிட்ஜுக்குப் போன பிறகு வரைந்தவற்றில் மிச்சம் இருப்பவை அதிகம்.

முன்வரைவுகள்

ராக்வெல் நேராகக் கேன்வாஸில் இறங்கியவர் அல்லர். முதலில் சின்னக் கோட்டு வரைவு. பிறகு அக்கம்பக்கத்து மனிதர்களை நிற்க வைத்துப் புகைப்படம். 1930களின் நடுப்பகுதி முதல் இது வழக்கமானது. புகைப்படங்களிலிருந்து தேவையான முகத்தையும் கையையும் தேர்ந்து, படம்வீசும் கருவி மூலம் பெரிதாக்கி, ஓவியத்தின் அளவுக்கே முழுக் கரி வரைவு. அதன்பின் இதழ் அட்டை அளவில் ஒரு வண்ண முன்மாதிரி. கடைசியில்தான் எண்ணெய் ஓவியம்.

சேகரிப்பவர் அடிக்கடி தடுமாறும் இடம் அந்த வண்ண முன்மாதிரி. கரி வரைவைப் புகைப்படம் எடுத்து, சிறிதாக்கிய அந்தப் பிரதியின் மேலேயே எண்ணெய் வண்ணம் தீட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். வண்ணத்துக்கு அடியில் புகைப்படத் தாள் தெரிகிறது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வண்ணம் தூரிகையால் தடிமன் மாறி மாறி விழுந்திருக்கிறதா, கோடுகள் இறுதி ஓவியத்திலிருந்து கொஞ்சமாவது விலகுகின்றனவா என்று பாருங்கள். முன்மாதிரி என்பது தேடிக்கொண்டிருக்கும் கை. இறுதிப் படத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகும் 'முன்மாதிரி' பின்னால் செய்த நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் ஓவியம் என்று ஒருவர் சொன்னால்

முதலில் அளவு. போஸ்ட் அட்டை ஏறத்தாழ 11 அங்குல அகலம், 14 அங்குல உயரம். ஓவியங்கள் அதைவிட மிகப் பெரியவை. 1950களின் புகழ்பெற்ற அட்டைகளில் சில பக்கத்துக்கு 40 அங்குலத்தைத் தாண்டும். அட்டையின் அளவிலேயே ஒரு 'மூல ஓவியம்' வந்தால், அது முன்மாதிரியாகவோ கேன்வாஸில் ஒட்டிய அச்சாகவோ இருக்கலாம்.

படத்தை இருட்டறையில் வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடியுங்கள். கேன்வாஸில் அச்சடித்து, மேலே பசை தடவித் தூரிகைக் கோடு போல இழுத்த பிரதிகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் பசையின் மேடு ஒரு திசையிலும், படத்திலுள்ள சட்டை மடிப்பும் முக வரையும் வேறு திசையிலும் ஓடும். உண்மையான ஓவியத்தில் மேடும் வண்ணமும் ஒரே அசைவில் பிறந்தவை. பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நிழல் பகுதியைப் பாருங்கள். அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது ஓவியம் அல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

ராக்வெல் விஷயத்தில் வேறு எந்த ஓவியரிடமும் எளிதில் கிடைக்காத ஒரு சாட்சி நம்மிடம் இருக்கிறது: அந்த வாரத்து இதழ். 'பிரேக்கிங் ஹோம் டைஸ்' கதை அதற்குச் சான்று. கல்லூரிக்குப் புறப்படும் மகனும் தந்தையும் பழைய வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் 1954 செப்டம்பர் 25 அட்டையில் வந்தது. கார்ட்டூனிஸ்ட் டான் டிராக்டி அதை 1960-இல் 900 டாலருக்கு வாங்கினார். பின்னாளில் அவரே ஒரு நகல் வரைந்து அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை வீட்டுக்குள் பொய்ச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்தார். அவர் இறந்த பிறகு, 2006-இல்தான் மகன்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் நகல் ஸ்டாக்பிரிட்ஜிலுள்ள ராக்வெல் அருங்காட்சியகத்தில் அசலாகவே மாட்டப்பட்டிருந்தது. நகலுக்கும் 1954 அட்டைக்கும் வேறுபாடு இருப்பதை நிபுணர்கள் கவனித்திருந்தார்கள். மோசமாகச் சுத்தம் செய்ததால் வந்த மாற்றம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அசல் அதே 2006-இல் சுமார் 1.54 கோடி டாலருக்கு விலைபோனது.

ஆகவே ஓவியத்தைப் பார்க்கப் போகும்போது அந்தத் தேதியிட்ட இதழைக் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணிமை, வாயோரம், விரல் இடுக்கு, துணியின் சுருக்கம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று வைத்துப் பாருங்கள். நிறம் வேறுபடலாம், அச்சு மையும் எண்ணெய் வண்ணமும் ஒரே மாதிரி மூப்பதில்லை. கோடு வேறுபடக் கூடாது. வேறுபட்டால், பத்திரிகையில் திருத்தினார்களா அல்லது அச்சுக்குப் பின் ராக்வெல் திருத்தினாரா என்பதற்குக் காகிதச் சான்று வேண்டும். லாரி நார்ட்டன் மொஃபட் தொகுத்து 1986-இல் இரண்டு பாகங்களாக வந்த, ராக்வெல் படைப்புகளின் முழு அட்டவணையில் அந்தப் படம் இருக்கிறதா என்று தேடுவது அடுத்த வேலை.

ராக்வெல் தன் ஓவியங்களை மாதிரியாக நின்றவர்களுக்கும் நண்பர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தவர். "எங்கள் பாட்டிக்கு அவரே கொடுத்தது" என்பது நடக்கக்கூடிய கதைதான். நடக்கக்கூடியது என்பதாலேயே கடிதம், பழைய புகைப்படம், காப்பீட்டுத் தாள் என்று ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்.

கைமாறிய வரலாற்றில் இடைவெளி இருந்தால் திருட்டுப் பொருளா என்றும் பார்க்க வேண்டும். 1973-இல் மிசௌரியில் ஒரு காட்சிக்கூடத்திலிருந்து திருடப்பட்ட 'ரஷ்யன் ஸ்கூல்ரூம்' ஓவியம், விவரம் தெரியாமல் வாங்கியிருந்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் சேகரிப்பில் 2007-இல் தெரியவந்தது. பணம் கொடுக்கும் முன் தொலைந்த, திருடுபோன கலைப்பொருள்களைப் பதிந்துவைக்கும் 'ஆர்ட் லாஸ் ரிஜிஸ்டர்' பட்டியலிலும் எஃப்.பி.ஐ.யின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலிலும் தேடிவிடுங்கள்.

இதழ்கள்: தொடங்க நல்ல இடம்

நம்மில் பெரும்பாலோர் வாங்கக்கூடியது இதுதான், இதில் குறைவென்று நினைக்க ஒன்றுமில்லை. ராக்வெல் தன் வாசகர் கையில் சேர்த்த வடிவமே இது.

கிழித்தெடுத்த அட்டை மட்டும் கிடைத்தால் பின்புறம் திருப்புங்கள். அசல் அட்டையின் உட்புறத்தில் விளம்பரமோ வேறு அச்சோ இருக்கும். பின்புறம் வெள்ளையாக இருந்தால் பிற்கால மறு அச்சு. ஓரம் கத்தரிக்கப்பட்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பழைய சட்டத்துக்குள் அடக்குவதற்காக அரை அங்குலம் வெட்டிய பிரதிகள் ஏராளம். தேதியும் விலையும் தெரிய வேண்டும்: 1920, 30களில் 5 சென்ட், 1943-இல் 10 சென்ட். முழு இதழ் என்றால் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கார் விளம்பரங்களையும் குளிர்பான விளம்பரங்களையும் தனியாக விற்பதற்காக உருவிவிடுவார்கள்.

சந்தாதாரருக்கு அஞ்சலில் போன பிரதியில் முகவரிச் சீட்டு அட்டையின் மேலேயே ஒட்டியிருக்கும். கடையில் விற்ற பிரதியில் அது இருக்காது, அதனால் விலை கூடும். சீட்டை உரிக்க முயலாதீர்கள். அடியிலுள்ள மையும் சேர்ந்து வந்துவிடும். சீட்டோடு இருக்கும் இதழைவிட வெள்ளைக் காயத்தோடு இருக்கும் இதழ் மலிவு.

பலர் ஏமாறும் ஒரு விஷயம்: பேச்சு, வழிபாடு, வறுமையின்மை, அச்சமின்மை ஆகிய நான்கையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராக்வெல் வரைந்த 'நான்கு சுதந்திரங்கள்' படங்கள் போஸ்ட்டின் அட்டையில் வரவே இல்லை. 1943 பிப்ரவரி 20, 27, மார்ச் 6, 13 இதழ்களின் உள்பக்கங்களில் வந்தன. அவற்றில் வறுமையின்மையைக் காட்டும் வான்கோழி விருந்துப் படம் மார்ச் 6 இதழில். அட்டையைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது, விற்பவருக்கும் பல நேரம் தெரியாது. தேதியைச் சொல்லிக் கேளுங்கள். ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி அமெரிக்க அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள் சூழப் பள்ளிக்கு நடக்கும் 'தி பிராப்ளம் வி ஆல் லிவ் வித்' படமும் அப்படியே, 1964 ஜனவரி 14 'லுக்' இதழின் உள்ளே. ராக்வெல் வெறும் இனிமையான காட்சிகளை மட்டும் வரைந்தவர் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இதழையாவது வாங்கி அந்த இரட்டைப் பக்கத்தை விரித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு சுதந்திரங்களைப் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக அரசே சுவரொட்டியாகவும் அச்சிட்டது. அசல் சுவரொட்டியின் அடியில் அரசு அச்சகத்தின் பெயரும் 1943 என்ற ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும். மடிப்புக் கோடு இருந்தால் பதற வேண்டாம். மடித்துத்தான் பல இடங்களுக்கு அனுப்பினார்கள்.

கையெழுத்திட்ட அச்சுப்பிரதிகள்

1970களில் வெளியானவை பெரும்பாலும் ஓவியத்தைப் பார்த்து லித்தோகிராஃப் (கல்லச்சு), கொலோடைப் (புள்ளியில்லாப் புகைப்பட அச்சு) முறைகளில் எடுத்து, எண்ணிட்டு, ராக்வெல் பென்சிலால் கையெழுத்திட்டவை. 37/200 என்றால் 200 பிரதிகளில் 37-ஆவது. எண்ணுக்குப் பதில் 'ஏ.பி.' என்றிருந்தால் ஓவியருக்கென ஒதுக்கிய பிரதி.

பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். வட்ட வட்டமாகப் பூப்போல அடுக்கிய நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் என்ற சாதாரண இயந்திர அச்சில் வந்த சுவரொட்டி, கீழே யார் கையெழுத்து இருந்தாலும் சரி. கொலோடைப்பில் புள்ளியே இருக்காது. புழு நெளிந்ததுபோன்ற மிக நுண்ணிய சுருக்கம் இருக்கும். லித்தோகிராஃபில் கிரேயான் தேய்த்ததுபோல ஒழுங்கற்ற மணல்மணி. கையெழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் கரி மினுங்கும், தாள் லேசாக அமுங்கியிருக்கும். அச்சிட்ட கையெழுத்து மினுங்காது. சாதாரணச் சுவரொட்டியில் உண்மையான பென்சிலால் போலிக் கையெழுத்துப் போடவும் முடியும். அதனால் தாள், அச்சு முறை, எண் மூன்றும் ஒத்துவந்த பிறகே கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அலங்காரத் தட்டுகளும் பீங்கான் பொம்மைகளும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. பிடித்திருந்தால் வாங்குங்கள், சான்றிதழ்த் தாள் இருப்பதால் விலை ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாதுகாப்பது

இதழ்த் தாள் மரக்கூழால் ஆனது. உள்ளிருக்கும் அமிலமும், மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளும் அதைப் பழுப்பாக்கி நொறுக்கும். பாலியஸ்டர் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து, படுக்கை வாட்டில் அடுக்குங்கள். ஓர் அடுக்கில் பத்துக்கு மேல் வேண்டாம். பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டும், அமில வாயு விடும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அண்டாது. கடலோர ஊர்களில் இதற்கு ஈரம் உறிஞ்சும் கருவியும் ஒரு ஈரமானியும் தேவைப்படும்.

சட்டமிட வேண்டுமென்றால் பருத்தி அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடி தாளைத் தொடாதபடி குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். தாளை மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகித நாடாவால் கோதுமைக் கஞ்சிப் பசை தொட்டுத் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரம் மாறும்போது தாள் விரிய இடமின்றி அலையலையாகும். செலோடேப், லேமினேஷன், சூடான அழுத்தத்தில் அட்டையோடு ஒட்டுவது மூன்றும் திரும்ப எடுக்க முடியாத சேதம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டாலும் வெயில் விழும் சுவரைத் தவிருங்கள். முதலில் வெளுப்பது சிவப்பு, ராக்வெல்லின் பழைய இருவண்ண அட்டைகளில் பாதிப் படம் அந்தச் சிவப்புதான்.

கடைசியாக ஒரு சட்ட விவரம். ஓவியமோ இதழோ உங்களுடையதாக இருந்தாலும் படத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வருவதில்லை. பனியனிலோ கோப்பையிலோ அச்சிட்டு விற்க நினைத்தால், அந்தப் படத்தின் உரிமை இதழைச் சேர்ந்ததா ராக்வெல் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று பார்த்து முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.