குறுவள மையத்தில் சமத்துவ வகுப்பறை பற்றிப் பேசப் போகிறீர்களா?

வட்டார வள மையத்திலிருந்து போன் வரும். "சார், இந்த மாசக் குறுவள மையக் கூட்டத்துல சமத்துவ வகுப்பறை பத்தி ஒரு செஷன், நீங்கதான் கருத்தாளர்." பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதாமாதம் கூடும் பயிற்சிதான் குறுவள மையக் கூட்டம், அதை நடத்துபவர் கருத்தாளர். அந்த போனை எடுத்துவிட்டு என்ன பேசுவது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துப் பள்ளிகள்தான் என் மனதில் இருக்கின்றன.

முதலில் பிபிடியை மூடி வையுங்கள். எல்லாரும் சமம் என்று ஸ்லைடு போட்டால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் தலையாட்டுவார்கள், டீ வந்ததும் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் இணையதளம்) வேலையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். கீழ்வெண்மணியில் தொடங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று அங்கே தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது நம் ஆசிரியர்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் அங்கே தொடங்கினால் "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். அவரவர் வகுப்பை அவரவரே பார்க்க வைத்தால்தான் பேச விஷயம் கிடைக்கும்.

அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் வேலை கொடுத்துவிடுங்கள். தண்ணீர் தூக்குவது, பெருக்குவது, கழிப்பறைப் பக்கம் வாளி எடுத்துப் போவது யார், ஹெச்.எம். அறைக்கு டீ வாங்கி வருவது யார், மேடையில் வரவேற்புரை சொல்வது யார் என்று ஒரு வாரம் பார்த்து வரச் சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடம் எடுப்பவர்கள், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்த பட்டியலையும் கொண்டு வரட்டும். ஜூனில் அரும்பில் இருந்து இன்னமும் அரும்பிலேயே இருக்கும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி செஷன் முடிந்த மாதிரி.

இதைவிட நல்ல பயிற்சி ஒன்று உண்டு, கொஞ்சம் சிரமம்தான். ஒரு ஏ4 தாளில் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் இடங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒரு பாடவேளை முழுக்கப் பின்னால் உட்கார வேண்டும். பாடம் எடுப்பவர் யாரிடம் கேள்வி கேட்டாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பதில் தப்பாக வந்தபோது "சரி, இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லு" என்று வாய்ப்புக் கொடுத்தால் ஒரு புள்ளி. நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு வட்டம், நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தால் ஒன்றும் போட வேண்டாம். அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், யாருடைய நோட்டைக் கை தொடுகிறது என்பது தொடுகிறவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம். தாளில் பெயரும் சாதியும் எழுதச் சொல்லவே கூடாது. எந்தக் கட்டத்தில் எந்தப் பிள்ளை என்று பாடம் எடுத்தவருக்குத் தெரியும், அது போதும். தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், அவராக வாய் திறந்தால் தவிர கூட்டத்தில் யாரும் கேட்கக்கூடாது. இந்த உத்தரவாதம் இல்லையென்றால் ஒருவரும் உங்களை நம்பிப் பேச மாட்டார்கள்.

கூட்டத்தன்று இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஆளுக்கொரு நிலைமையைக் கொடுங்கள், நம் ஊர் நிலைமையாகவே இருக்கட்டும். உதாரணமாக, ஒன்றாம் வகுப்பில் ஒரு நரிக்குறவர் பிள்ளை, வீட்டில் வாக்ரிபோலி பேசுகிறது, வகுப்பில் வாயே திறப்பதில்லை, "மந்தம்" என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழி ஏற்கெனவே நன்றாகத் தெரியும், நமக்குத்தான் அது தெரியாது. அம்மாவையோ அக்காவையோ கூப்பிட்டு தண்ணீர், பசி, வயிற்றுவலி, வீடு என்று கொஞ்சம் சொற்களைக் கேட்டுத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டு மறுநாள் அந்தச் சொல்லில் கூப்பிட்டுப் பாருங்கள். கூடவே இன்னொன்று: 2023 ஜனவரியிலிருந்து நரிக்குறவர், குருவிக்காரர் இருவரும் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பழைய சான்றிதழோடு இருக்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்லி விண்ணப்பிக்க உதவுவதும் பள்ளியின் வேலைதான்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் என்றால் ரமலான் மாதத்தில் நோன்பு வைத்திருக்கும் பையனை மதிய வெயிலில் ஓடவிடும் பி.இ.டி. பீரியடைக் கொடுக்கலாம். கடலோரப் பள்ளி என்றால் "மீன் வாடை" என்று பிள்ளைகள் கேலி செய்யும்போது ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பதைக் கொடுக்கலாம். வயல் பக்கம் என்றால் சம்பா நடவு நாட்களின் வருகைப்பதிவேட்டைப் பிரித்து வைத்து, அம்மா நடவுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள யார் வீட்டில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பெண் பிள்ளையாகத்தான் இருக்கும். தம்பியை அங்கன்வாடியில் விட வழி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பது ஆப்சென்ட் போடுவதைவிடப் பயனுள்ளது.

கல்வி உதவித்தொகை விஷயத்தைத் தனியாக எடுங்கள். "எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திரு, பாஸ்புக் கொண்டாந்தியா?" இது இன்றைக்கும் கேட்கிற குரல். எமிஸில் விவரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது ஒரு பிள்ளையை நாற்பது பேர் முன்னால் எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்புக் நகலை வகுப்பில் எல்லாரிடமும் வாங்கிவிட்டு, வேண்டியதை அலுவலகத்தில் பிரித்துக்கொள்ளலாம். "காலனிப் பசங்க" என்பதும் அப்படித்தான். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்துவிட்டார், ஸ்டாஃப் ரூமில்தான் இன்னும் போகவில்லை.

"எங்க ஸ்கூல்ல அதெல்லாம் இல்ல சார்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வாதாடாதீர்கள். "ரொம்ப நல்லது, அப்ப உங்க தாள்ல கோடு எப்படி விழுந்திருக்குன்னு நீங்களே ஒரு தடவை பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுங்கள். முக்கியமாக, அறையில் இருக்கும் பட்டியலினத்து ஆசிரியர்களைப் பார்த்து "நீங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களும் பயிற்சிக்கு வந்தவர்கள்தான், சாட்சி சொல்ல வந்தவர்கள் இல்லை.

சட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு வேண்டாம், வருகைப்பதிவேட்டில் சாதி குறிக்க வேண்டாம், பெயரின் அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்பதெல்லாம் அதில் உள்ள பரிந்துரைகள். அகர வரிசை உங்கள் கையில் இருக்கிறது, திங்கட்கிழமையே செய்யலாம். கயிற்றைப் பிடித்து இழுத்து அறுக்க மட்டும் போகாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் பல பிள்ளைகள் அவர்களாகவே கழற்றிவிடுவார்கள். 14417 (கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் பிள்ளைகள் பார்க்கிற சுவரில் எழுதி வையுங்கள், ஹெச்.எம். அறைக்குள் எழுதிப் பயனில்லை.

கடைசியில் தீர்மானம், உறுதிமொழி எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் மாற்றப்போகும் ஒரே ஒரு வேலையை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தானே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் கால் மணி நேரத்தை இதற்கென்று கேட்டு வாங்கிவிடுங்கள், அதற்குள் எல்லாரும் இரண்டாவது தாள் போட்டிருக்க வேண்டும், அதே வகுப்பு, அதே பாடவேளை, ஆனால் பின்னால் உட்காருபவர் வேறொருவர்.