ஜப்பானின் ஹொக்கைடோ பனியில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து சிடிஇ விரைவுச்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வந்து 20 வருஷமாகப் பழகிய கால் எனக்கு. அந்தப் பழக்கம் பனியில் செல்லாது என்பதை ஹொக்கைடோவின் அசாஹிகாவா நகரில் ஒரு சிவப்பு விளக்குக்கு முன்னால் தெரிந்துகொண்டேன். வேகம் 40-தான். ஊரில் மிதிப்பதுபோலவே பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, ஆள் கடக்கிற இடத்தில் போய் நின்றது. நல்லவேளை, யாரும் கடக்கவில்லை. பின்னால் இருந்த மகள் வெகுநேரம் பேசவே இல்லை.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், அதனால் அந்தக் குழப்பம் இல்லை. வாடகை வண்டிக்குப் பனிக்கால டயர் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடைத்தால் எடுங்கள். ஆனால் அது கிளம்பத்தான் கைகொடுக்கும், நிற்பதற்கு உதவாது. இதை நம்பி வேகம் எடுக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சாவி கைக்கு வந்ததும் நெடுஞ்சாலைக்கு ஓடாதீர்கள். காலியான கார்ப்பேட்டை ஒன்றில் 20 வேகத்தில் போய், பிரேக்கை அழுத்திப் பாருங்கள். அந்தக் கடகட அதிர்வு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. எத்தனை வண்டி நீளம் தள்ளிப்போய் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் முன்வண்டியை ஒட்டிப் போக மனசே வராது.

எல்லா வண்டியும் நின்று நின்று கிளம்பும் சந்திப்புகளில்தான் பனி கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். பாலங்களும் சுரங்கப்பாதை வாசல்களும் அப்படித்தான். வெறும் ஈரம்போலத் தெரிகிற கறுப்புத் தார் உறைபனியாக இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், 3 மணிக்கே விடுதிக்குப் போய்ச் சேர்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

இரவில் வைப்பரை நிமிர்த்தி வைத்து, கைப்பிரேக் போடாமல் கியரை 'பி'-யில் விடுங்கள். பிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் வண்டி நகராது. கிளம்பும்முன் கண்ணாடியோடு கூரையையும் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் போட்டதும் கூரைப் பனி மொத்தமும் முன்கண்ணாடியில் சரிந்து பாதையே தெரியாது. வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

பனிப்புயலில் வண்டி புதைந்து நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாயை. அதைப் பனி மூடியிருக்க, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது, பிள்ளைகள் தூங்குவதுபோலவே இருக்கும். எஞ்சினை அணைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு உதவிக்கு அழையுங்கள். அந்தப் போர்வையை டிக்கியில் போடாமல் பின்னிருக்கையிலேயே வைத்திருங்கள்.