மலை இறங்கும் பிக்கப்புக்கு பிரேக்கும் வீல் பேரிங்கும்: வீட்டிலேயே பார்க்கும் முறை

ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். 2.5 டன் எடையுள்ள லோடு வண்டி அந்த உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். என்ஜினும் காற்றும் தாங்கியது போக மீதி முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்குகிறது. அங்கிருந்து சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கும், ஹப்பிலிருந்து பேரிங் கிரீசுக்கும், பிரேக் சிலிண்டர் வழியாக பிரேக் ஆயிலுக்கும் போகிறது. சமவெளி வண்டிக்கு எழுதிய சர்வீஸ் கணக்கு மலை வண்டிக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம். கையேட்டில் பேரிங் கிரீசுக்கு 40,000 கிலோமீட்டர் என்று இருந்தால், ஊட்டி அருகே கேத்தியில் கேரட் ஏற்றித் தினமும் இறங்கும் வண்டிக்கு 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வருடத்துக்கு ஒரு முறை, மே மாதக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இங்கே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், முன் ஹப்பில் இரண்டு டேப்பர் ரோலர் (ஒரு பக்கம் குறுகிய உருளை) பேரிங் உள்ள வண்டிகளுக்கு. ஹப்போடு சேர்ந்து சீல் செய்து வரும் பேரிங்கைத் திறக்கவோ டைட் வைக்கவோ முடியாது. சத்தம் வந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். பின் ஆக்சில் பேரிங் பிரஸ் வைத்து எடுக்கும் வேலை, அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் இடம். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அரிது, ஆனாலும் தேடிப் பிடியுங்கள். ஈரச் செம்மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் 2 அங்குல கனமுள்ள பலகை போடுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடக்கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்ட் ஆகாது, பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும்.

முன் பேரிங்

பேரிங் போகிறதா என்று வளைவில் தெரியும். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது 'ஊ' என்ற ஓசை கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசிகளில் இதைக் கேட்டுப் பழகலாம். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஒரே ஓசை என்றால் டயரைப் பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைப் பேடால் பிடிக்கும் காலிப்பரை எடுத்து, கம்பி போட்டு மேலே கட்டிவிடுங்கள். ஹோசில் தொங்கவிட்டால் உள்ளே ரப்பர் கிழியும், வெளியே தெரியாது. டஸ்ட் கேப், காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி), நட்டு, வாஷர் எடுத்தபின் ஹப்பை லேசாக இழுத்தால் வெளி பேரிங் கையில் வரும். உள் பேரிங் ஆயில் சீலுக்குப் பின்னால் இருக்கிறது. சீலை நெம்பி எடுத்தால் அதைத் திரும்பப் போடக்கூடாது. சக்கரத்துக்கு ஒரு புது சீல், ஒரு புது காட்டர் பின் முன்னமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, துணியில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புது கிரீஸ் நீர்த்துப்போகும். கம்ப்ரெசர் காற்றில் பேரிங்கைச் சுழற்றிப் பார்ப்பது ஆபத்து, ரோலர் தெறிக்கும். வெளிச்சத்தில் ஒவ்வொரு ரோலரையும் உருட்டிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு பட்டது. செதில் செதிலாக உரிந்திருந்தால் ஆயுள் முடிந்தது. துருப் புள்ளி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. எதுவானாலும் பேரிங்கையும் ஹப்பில் உள்ள கப்பையும் (ரோலர்கள் உருளும் வெளி வளையம்) ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங் நிற்காது. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றலாம். புதியதை, பழைய கப்பை மேலே வைத்துத் தட்டி இறக்குங்கள். அடியில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறிக் கெட்டியாகக் கேட்கும்.

கிரீஸ்: லித்தியம் காம்ப்ளக்ஸ், கெட்டித்தன்மையில் 2ஆம் நம்பர். சாதாரண சேசிஸ் கிரீஸ் மலை இறக்கச் சூட்டில் உருகி ஓடும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஹப்பின் உட்புறம் வரை சுத்தமாக வழித்துவிடுங்கள். ஒத்துவராத இரண்டு கிரீஸ் கலந்தால் இளகிவிடும். உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். குறுகிய பக்கத்தில் ரோலர் இடுக்குகள் வழியாகப் புது கிரீஸ் பிதுங்கி வரும்வரை, சுற்றிலும் அப்படியே. மேலே பூசுவதால் பயனில்லை. ஹப்பின் உள் குழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நிறைய அடைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. சூட்டில் கிரீஸ் விரிந்து, சீலைத் தாண்டி, டிஸ்க்கில் தெறிக்கும். பிறகு பேடும் மாற்ற வேண்டும்.

அடுத்து டைட் வைப்பது. பல பேரிங்குகள் இந்த இடத்தில்தான் கெடுகின்றன, லூசாக விட்டதால் அல்ல, இறுக்கியதால். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை ஸ்பேனரில் சுமாரான இறுக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர் அளவு. முன்னும் பின்னுமாகப் பத்துச் சுற்று சுற்றினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் அமரும். இப்போது நட்டை முழுசாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகிச் சேருங்கள். காட்டர் பின் ஓட்டை நேரே வரவில்லையென்றால் பின்பக்கம் தளர்த்தி அடுத்த ஓட்டைக்குப் போங்கள், ஒருபோதும் முன்னால் இறுக்காதீர்கள். சக்கரம் மாட்டி மேலும் கீழும் பிடித்து அசைத்தால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் சரி. டயல் கேஜில் அது 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின்படியே வையுங்கள்.

சோதனை ஓட்டத்தை ஏற்றத்தில் வையுங்கள். இறக்கத்தில் பிரேக் சூடும் சேர்ந்துகொள்ளும், பேரிங் சூடு எது என்று பிரிக்க முடியாது. 5 கிலோமீட்டர் ஏறி நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாவிட்டால் நட்டு இறுக்கம்.

பின் டிரம்

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் டிரம் வரும். தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் (டிரம்மில் உரசும் ஷூவின் மேல்பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் துடையுங்கள். ரிவெட் அடித்த லைனிங் ரிவெட் தலைக்கு மேல் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். ஒட்டிய லைனிங்குக்கு எல்லை 2 மில்லிமீட்டர். கண்ணாடிபோல் பளபளத்தால் சூடு ஏறி இறுகிவிட்டது. கனம் மிச்சமிருந்தால் 80 நம்பர் எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பை எடுக்கலாம். ஆயிலோ கிரீசோ ஊறிய லைனிங்கை எரித்தோ கழுவியோ மீட்க முடியாது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நுனியில் விலக்கிப் பாருங்கள்; உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டர் கசிகிறது. கியர் ஆயில் வாடை வந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டித் தேய்ந்ததைக் கடைசல் பிடிக்காதீர்கள். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகி விரியும், ஷூ எட்டாமல் பெடல் கீழே போகும்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகு மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங் எப்படி மாட்டியிருந்தது என்று பார்க்க மாதிரி இருக்கும். இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் தானாக இறுகுவதற்குப் பதில் தானாகத் தளரும். புது ஷூ போட்ட அன்றே லோடோடு குன்னூரிலிருந்து பர்லியார் இறங்காதீர்கள். சமமான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக இருபது முப்பது தடவை பிடித்து ஷூவைப் படிய விடுங்கள்.

பிரேக் ஆயில்

இறக்கத்தில் பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் லைனிங் சூடாகிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போனால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது, இது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கும். டாட் 3க்கு இவை 205, 140. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது அதிகமில்லை. திறந்து பாதி மிஞ்சிய டப்பாவை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வரிசை, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமானது முதலில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின்னால் லோடு வால்வு (பாரத்துக்கேற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது) உள்ள வண்டியில் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். ஆக்சில் தொங்கினால் வண்டி காலி என்று நினைத்து வால்வு பின்பக்க ஆயிலைக் குறைக்கும், காற்று முழுசாக வராது.

டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வண்டியைக் கழுவிய கையோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், ஈரமான ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் பலமாக இழுத்தால் லைனிங் பிய்ந்து வரும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வேலை முடித்த வண்டியின் வீல் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை எதிரெதிராக இறுக்குங்கள்.