தொட்டி நிறைய உப்பு இருந்தும் தண்ணீர் மென்மையாகவில்லை

கடினத் தண்ணீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சோப்பு நுரைக்கவில்லை, ஷவரில் மறுபடியும் வெள்ளைப் படிவு. உப்புத் தொட்டியைத் திறந்தால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இரண்டு மாதமாக அந்த மட்டம் இறங்கவே இல்லை என்பதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

துடைப்பக் காம்பால் குத்திப் பார்த்தேன். மேலே ஓடு போல இறுகிய உப்பு, அடியில் வெறும் இடைவெளி. உப்பு தண்ணீரைத் தொடாததால் உப்புக்கரைசல் உருவாகவில்லை. தண்ணீரைக் கடினமாக்கும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளில் ஒட்டிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றச் சோடியம் போய்ச் சேரவில்லை. வெந்நீர் ஊற்றி, மெல்லத் தட்டி உடைத்தேன். ஓங்கிக் குத்தாதீர்கள், தொட்டி விரிசல் விடும். சில மணி நேரம் கழித்து ரீஜெனரேஷனை, அதாவது உப்புக்கரைசலால் ரெசினைக் கழுவிப் புதுப்பிக்கும் சுற்றை, நானே பட்டனை அழுத்தி ஓட்டினேன். மறுநாள் சோப்பு நன்றாக நுரைத்தது.

அப்புறம் பாதித் தொட்டிக்கு மேல் உப்பு போடுவதில்லை.